உருளைக்கு வைத்த பொட்டு

22 அக்டோபர், திங்கள். காலையிலிருந்து மழை.

வெளியில் சொல்ல வெட்கம். கம்பெனியில் கழித்துப்போட்ட தாள் ஒன்றை நேற்று வீட்டில் வாழையிலைக்குப் பதில் விரித்துச் சாப்பிட்டேன். தண்ணீர் ஒட்டாத தாள். ரசமும் ஒட்டவில்லை. நேராக என் மடிக்கு வந்தது. காவேரி எட்டிப் பார்த்து, "சோறு கீது, ரசம் எங்கய்யா போச்சு?" என்றாள். பெண்டாட்டிக்கு விளக்கம் சொல்லும் நிலையில் நான் இல்லை. கொதிக்கக் கொதிக்க ரசம்.

ஆயுத பூஜை முடிந்து இன்று லைன் ஓட்டம். இந்தத் தாள் செய்கிற உருளை மேல் கண்ணுக்குத் தெரியாத குழிகள். பசை தடவிய பிளாஸ்டிக் தாள் அதில் அழுந்தினால் குட்டிக் குட்டி முள்ளாக எழும்பும். முள் நுனியிலேயே தண்ணீர் உருண்டு ஓடிவிடும். சாண் அளவுக்குச் செய்வது சுலபமாம். கிலோமீட்டர் கணக்கில் என்றால்தான் பேஜார்.

இன்று எல்லாத் தாளிலும் தண்ணீர் இரண்டு இடத்தில் குந்திக்கொண்டது. நடுவில் ஒரு வட்டம், ஓரத்தில் ஒன்று. வியாழக்கிழமை வாங்குகிறவர் வருகிறார். போன தடவையே வேண்டாம் என்றவர். இந்தத் தடவையும் போனால் முதலாளி லைனை மூடுவார். எங்களை வேறு மிஷினில் போடுவார். இன்ஜினியர் ராஜேஷுக்குத்தான் வேலை போகும். மதுரைப் பையன், தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை என்றால் காது சிவக்கும். இன்று கூப்பிடவில்லை.

23, செவ்வாய். தூறல்.

சூட்டை மாற்றினோம், பசையை மாற்றினோம். வட்டம் போகவில்லை. ராஜேஷ் டேப் பிடித்து அளந்தார். வட்டத்துக்கு வட்டம் இடைவெளி சரியாக உருளையின் ஒரு சுற்று.

"தாள்ல இல்லண்ணே. உருளைல இருக்கு."

ஆயுத பூஜையன்று எல்லா மிஷினுக்கும் சந்தனப் பொட்டு வைத்தேன். உருளையைத் தொடக்கூடாது என்பது சட்டம். அது மட்டும் மூளியாக நின்றது, மனசு கேட்கவில்லை. நடுவில் ஒன்று வைத்து, சாயங்காலமே துடைத்தும் விட்டேன். குழிக்குள் போய் உட்கார்ந்த சந்தனம் யார் கண்ணுக்குத் தெரியும்?

"நடுவுல வெச்சது நான்தான் சார். ஓரத்துல சத்தியமா நான் இல்ல."

ராஜேஷ் டேப்பைச் சுருட்டினார். பிறகு மெதுவாக, "அது நான்ண்ணே. ஓரத்த எப்படியும் வெட்டிருவோம்னு நெனச்சேன்" என்றார்.

"பாத்தியா சார், படிச்ச பொட்டு ஓரமா கீது."

இரண்டு நாளில் முதல் தடவையாகச் சிரித்தார்.

24, புதன். மப்பு.

உருளைக்கு வெந்நீர்க் குளியல், மெத்தென்ற பிரஷ். பச்சைக் குழந்தை மாதிரி. பொழுது சாய ஓட்டிப் பார்த்தோம். வட்டம் இல்லை. மாப்பிள்ளை என்றேன். காது சிவந்தது.

வீட்டுக்குப் போகிற திருக்கழுக்குன்றம் பஸ் போய்விட்டது. ராத்திரி கம்பெனியிலேயே படுக்கை. கொசுவர்த்தி வாங்க மறந்தேன்.

25, வியாழன். நல்ல வெயில்.

வாங்குகிறவர் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து தாளைத் தன் முழங்கால் மேல் விரித்துக்கொண்டு, ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். இன்னும் என்றார். சொம்பு முழுக்க ஊற்றினேன். தாளில் ஒரு சொட்டு தங்கவில்லை.

ஆர்டரில் கையெழுத்துப் போடும்போது அவர் கட்டியிருந்தது என் லுங்கி. நீலக் கட்டம்.