பக்கத்துக் கட்டில்காரர் குடித்த கஞ்சி

பவானிபூர், கல்கத்தா
கீலக வருஷம், ஆவணி மாதம்

சிரஞ்சீவி மஹாதேவனுக்கு அம்மா அநேக ஆசீர்வாதம். பகவான் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சௌக்கியம். ரங்கூனில் நீயும் சௌக்கியம் என்று உன் கடுதாசி சொல்கிறது, அதைப்பற்றிக் கடைசியில் எழுதுகிறேன். மழை விட்டபாடில்லை, துணி ஒன்றும் காயவில்லை.

கிடர்பூர் துறைமுக ஆபீஸில் இருக்கிறாரே நம் மாடி வீட்டுப் பட்டாபி மாமா, அவரை வயிற்று வலி என்று உன் அப்பாவின் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்திருந்தார்கள். வலி நின்றும் மனுஷர் நாளுக்கு நாள் துரும்பாக இளைத்துப் போனார். வயிற்றைக் கிழித்துப் பார்த்துவிடலாம் என்று வெள்ளைக்காரப் பெரிய டாக்டர் துரை தீர்மானம் பண்ணிவிட்டார். காமு மாமி என் மடியில் விழுந்து அழுதாள், கத்தி வைத்தால் பிழைத்து வருவாரோ என்று எனக்கே பயம் வந்துவிட்டது. உன் அப்பா வேலைதான் தெரியுமே, நோயாளிக் காகிதத்தில் டாக்டர்கள் விட்டதையெல்லாம் அவர்கள் பின்னாலேயே அலைந்து எழுதி வாங்கிக் கட்டி வைப்பது. நீயும் நானும் கேலி பண்ணுவோமே, அந்த உத்தியோகம்! மாமாவின் காகிதத்தை எடுத்தால், வார்டு டாக்டர் பாபு நன்றாகச் சாப்பிடுகிறார் என்று எழுதியிருக்கிறார், துரையோ மெலிந்துகொண்டே போகிறார், உள்ளே கட்டி இருக்கலாம் என்று எழுதியிருக்கிறார். உன் அப்பாவுக்கு வைத்தியம் ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரே மனுஷருக்கு இரண்டு கதை எழுதினால் நான் எப்படிக் கட்டி வைப்பேன் என்று, வண்டி ஏறப்போன துரையை வாசலில் மறித்து, பாபுவையும் கையோடு கூட்டிவந்து, இரண்டு பேரும் படுக்கையண்டை வந்து ஒன்றாக எழுதிக் கொடுங்கள் என்றாராம். வீட்டில் காபி ஆறிப்போனால்கூட வாய் திறக்காத மனுஷர்!

சாப்பிடுகிறாயா இல்லையா என்று துரை கேட்கக் கேட்க மாமா மழுப்பினாராம். பக்கத்துக் கட்டில் வங்காளிக் கிழவர்தான் பொறுக்காமல், இவர் கஞ்சியை இத்தனை நாளும் நான்தானே குடிக்கிறேன் என்று போட்டு உடைத்துவிட்டார். மீன் குழம்பு கொதித்த அடுப்பிலேயே பார்லிக் கஞ்சியும் காய்ச்சுகிறார்கள் என்று மாமா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாராம். சொன்னால் டாக்டர்கள் மனசு நோகுமே என்று வாழைப்பழமும் தண்ணீருமாக ஒப்பேற்றியிருக்கிறார். காலிக் கிண்ணத்தைப் பார்த்து நர்ஸ் சொன்னதை பாபு எழுதிவிட்டார். அசடு, அசடு, உயிரைவிட ஆசாரம் பெரிசா! துரை குதிப்பார் என்று எல்லோரும் நடுங்க, அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தான் எழுதினதைத் தானே அடித்து, நான் நினைத்தது தப்பு, ஆளுக்குப் பட்டினிதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாராம். பாபுவும் கண்ணால் பார்க்காமல் எழுதினேன் என்று எழுதினாராம். அவ்வளவு பெரிய மனுஷர்கள், நாலு பேர் பார்க்க! கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. கத்தி வேண்டாம் என்றாகிவிட்டது. கஞ்சி இப்போது நம் வீட்டிலிருந்து போகிறது, மாமா நேற்று ரசம் சாதம் கேட்டாராம். உன் அப்பாவை நினைத்தால் எனக்குப் பெருமை தாங்கவில்லை, அவரிடம் சொல்லவில்லை, தலைக்கேறிவிடும்.

உன் சங்கதிக்கு வருகிறேன். உன் சிநேகிதன் வாஞ்சிநாதன் ரங்கூனிலிருந்து வந்திருந்தான். நீ ஜுரத்தில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தாய், சமைத்துப் போடக்கூட ஆளில்லை என்று வாய் தவறிச் சொல்லிவிட்டான். நீயோ வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு திடமாக இருக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். உன் அப்பா அந்தக் கடுதாசியை உன் மற்றக் கடுதாசிகளோடு சேர்த்துக் கட்டவில்லை. ஒரே பிள்ளைக்கு இரண்டு கதை, எப்படிக் கட்டி வைப்பேன் என்றார், சாயங்காலம் முழுக்க அதைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

நாரத்தங்காய் ஊறுகாய் அனுப்பியிருக்கிறேன், ஈரக் கை போடாதே. தீர்க்காயுசாக இருப்பாயடா கண்ணா. உடம்பு எப்படி இருக்கிறதோ அப்படியே எழுது, நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம். அந்தக் கடுதாசி இன்னும் மேஜைமேல்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அம்மா
விஜயலக்ஷ்மி