ஈயக்குண்டில் ஒட்டிய மண்

2024 ஜூலை 8, திங்கள்

சுஜிக்குட்டி, அந்த மகேஷ் இன்றைக்கும் பாளையங்கோட்டையில் பஸ் ஏறி வேலைக்குப் போயிருப்பான். உன்னோடு படகில் வந்து, கடலடியில் என்ன கிடக்கிறது என்று மெஷினில் சத்தம் விட்டுப் பார்க்கிற இஞ்சினியர். சத்தம் கணீரென்று திரும்பினால் மணல், அமுங்கி வந்தால் சேறு என்று நீதானே எனக்குச் சொன்னாய். அவன் மணல் என்று சொல்லித்தான் நீ நங்கூரம் போட்டிருப்பாய். சேற்றில் அது பிடிக்குமா? காற்று இழுத்துக்கொண்டுபோய்ப் படகைப் பாறையில் மோதியது. நீ கடலில் விழுந்து செத்துப்போனாய். அவன் இருக்கிறான்.

ஜூலை 10

அவன் நாசமாய்ப் போகணும். ஜெபத்தில் வேறெதுவும் கேட்கவில்லை.

ஜூலை 13

பழம் வாங்கிக்கொண்டு வந்தான். முற்றத்தில் வீசினேன். “ஏலே, எம் பிள்ளையக் கொன்ன கையால தந்தா நான் திம்பேனா?” வாயே திறக்கவில்லை. குற்றம் செய்தவன் எப்படித் திறப்பான்?

ஜூலை 17

நாளை மறுநாள் விசாரணை. நீ கயிற்றில் கட்டி இறக்கிக் கடலடி பார்க்கிற ஈயக்குண்டு, படகிலிருந்து எடுத்துத் தந்தது, பீரோவில் இருக்கிறது, சுற்றின துணியோடு. பிரிக்க மனசு வரவில்லை. அதன் அடிக்குழி மெழுகில்தானே கடலடி மண் ஒட்டிக்கொண்டு வரும்; சேறுதான் ஒட்டியிருக்கும். அதை அவன் மூஞ்சிக்கு நேரே காட்டுவேன். அவன் ஜெயிலுக்குப் போகணும். அவனைப் பெத்தவளும் என்னை மாதிரி வெறும் வீட்டில் கிடக்கணும்.

ஜூலை 18

படகு ஓட்டின வேதநாயகம் அண்ணாச்சி வந்தார்.

“லில்லி, நாளைக்கு அங்கன வந்து கத்தாத. அந்தப் பையன் சேறுன்னுதான் சொன்னான், தள்ளிப் போவோம்னான். சுஜின்தான் குண்டை எறக்கிப் பாத்துட்டு, ‘மணல்லா ஒட்டியிருக்கு, ஒம்ம மெஷின ஆக்கர்கடையில பழைய இரும்புக்குப் போடும்வே’ன்னு சிரிச்சான். மசங்குன நேரம், வெளிச்சம் இல்ல. நானும் நம்பிட்டேன்.”

“பொய் சொல்லுதீரு. அவன்கிட்ட எவ்வளவு வாங்குனீரு?”

“செத்தவன்மேல பழி போடாண்டாம்னு அவன் வாய மூடிக்கிட்டு நிக்கான். நான் நாளைக்கு உள்ளதைச் சொல்லணும்லா?”

அவர் போனதும் துணியைப் பிரித்தேன்.

சிவப்பு. மெழுகு முழுக்கத் தேரி மண். நம்ம முற்றத்து மண். கடலுக்குள்ள ஏது செம்மண்?

நீ கடைசியாய்க் கடலுக்குப் போன அன்றைக்குக் கோயில் மெழுகுதிரித் துண்டுகளை உருக்கிக் குழியில் அழுத்தினது நான்தான். எப்போதும் ஓட்டுத்துண்டின்மேல் ஆறவைப்பேன். உலை பொங்கிவிட்டது — அப்படியே முற்றத்தில் கவிழ்த்துவைத்துவிட்டு ஓடினேன். நீ அவசரத்தில் எடுத்துப் பையில் போட்டாய்.

ஜூலை 19

விசாரணையில் குண்டை அதிகாரியின் மேசைமேல் வைத்தேன். “இது நான் ஒட்டவச்ச மண்ணு. அந்தப் பையன விட்டிருங்க” என்றேன். மகேஷ் வெளியே வந்து என் காலடியில் உட்கார்ந்து அழுதான். எனக்கு அழுகை வரவில்லை.

சுஜிக்குட்டி, செக்கச்செவேர்னு இருந்துதே மக்கா — அம்மா வச்ச மெழுகுதானேன்னு நீ உத்துப் பாக்கவே இல்லியா?