அனாகிதாவின் நெற்றிப் பொட்டு

அன்று மண்டபக் கூட்டத்தில் நான் ஒன்றுமே சொல்லவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க ஓவியர் ஒருவரைப் பற்றித் தயாரித்துக்கொண்டு போன பேச்சு மனத்துக்குள்ளேயே இருந்துவிட்டது. இன்று என் சட்டைக்கையில் பெயின்ற் மணக்கிறது. கழுவ மனமில்லாமல் உனக்கு எழுதுகிறேன்.

அந்த ஓவியரின் முன்வரைவை எனக்குக் காட்டியவள் நீ. முகில்மேல் அனாகிதா, பாரசீகரின் தண்ணீர்த் தெய்வம். முன்னால் இருளுக்குள் பாயும் குதிரைகள். பிறகு அவர் அதைப் பெரிய கட்டடமொன்றின் சுவரில் தீட்டினார் என்றும், ஈரம் ஏறி அது பாழாகிவிட்டது என்றும் வாசித்து நான் கவலைப்பட்டேன். நீ சிரித்தாய்.

"முன்வரைவு இருக்குதெல்லே? அது இருந்தால் சுவர் பிறகும் வரும்."

அதைப் பார்த்துத்தான் மனோர் பார்க்கில் நம் தமிழர் கூடும் மண்டபத்தின் சுவருக்கென்று உன்னுடைய அனாகிதாவை வரைந்தாய். அவளுடைய குதிரைகள் தேம்ஸ் நதிக்கு மேலே பாய்ந்தன. ஒரு வெள்ளிக்கிழமை உன் அம்மா விளக்கேற்றிவிட்டு வந்து, ஏதோ அம்மன் படமென்று நினைத்து, அவள் நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டார். சோக்கட்டியில் தீட்டிய முகம், தொட்டாலே கலைந்துவிடும். நான் பதறிப்போனேன்.

"ஐயோ அன்ரி, இது பாரசீகத்துத் தெய்வம்!"

"எந்த ஊர்த் தெய்வமெண்டால் என்ன பிள்ளை? நெத்தி வெறுமையா இருக்கலாமே?"

நீ அழிக்கவில்லை. "ஐயர் இல்லாமலே கும்பாபிஷேகம் முடிஞ்சுது," என்றாய்.

அந்தக் குளிர்காலத்தில் நோய் உன்னைக் கொண்டுபோனது. சுவருக்கு வெறும் கிறீம் நிறம் அடித்துவிடலாமா என்று நிர்வாகக் குழு கூடிய நாளில், அன்ரியும் நானும் உன் முன்வரைவோடு போனோம்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுப் பார்த்தார். "வேலும் இல்லை, மயிலும் இல்லை. இது ஆர், பிள்ளை?"

நான் வாய் திறப்பதற்குள் அன்ரி எழுந்துவிட்டார். "தண்ணிக்குரியவ. பாரசீகத்திலயிருந்து வந்தவ. என்ர மகள் கீறின படம்."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "விசா இருக்கோ அக்கா?"

மண்டபமே சிரித்தது. அன்ரி சிரிக்கவில்லை. படத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்.

"நான் பொட்டு வைச்சிருக்கிறன். அது காணாதே?"

சிரிப்பு நின்றது. தலைவர் அன்ரியின் முகத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"காணும், தங்கச்சி, அது போதும். சுவர் உங்கட மகளுக்குத்தான்."

என் பேச்சுக்கு அங்கே வேலையிருக்கவில்லை. அவ்வளவு சந்தோஷத்தோடு நான் வாயை மூடிக்கொண்டிருந்த நாள் வேறில்லை. 'சுவர் பிறகும் வரும்' என்று நீ சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் வீடுவரை சொல்லிக்கொண்டு வந்தேன், இன்னமும் சொல்லிக்கொள்கிறேன்.

உன் கல்லூரித் தோழிகள் முன்வரைவில் கட்டம் போட்டுச் சுவருக்கு மாற்றினார்கள். நிறம் கலந்து கொடுத்தது நான். இன்று காலை வேலை முடிந்தது. கடைசியாக, அன்ரி ஏணியில் ஏறிப் பொட்டு வைத்தார்.