சுளுக்கு எடுக்கும் கால்

ஜூன் 4, செவ்வாய்

இன்று மூன்று பேரை உதைத்தேன். கால் முன்னால் வந்து பிறந்தவள் முதுகில் மிதித்தால் சுளுக்கு விட்டுப்போகும் என்பது எங்கள் தெரு வைத்தியம். சித்தூரில் இத்தனை ஆஸ்பத்திரி இருந்தும் என் வலது காலுக்குத்தான் கிராக்கி. எதிர்வீட்டுச் செங்கம்மா வாராவாரம் வருகிறாள். வைத்தியம் பார்க்கும் எனக்கோ நான்கு மாதமாக முதுகு வலி. என்னை உதைக்கத்தான் ஆளில்லை.

ஜூன் 9

படுத்தால் வலி கூடுகிறது. ஓய்வெடு என்று சொன்ன புண்ணியவான்கள் வந்து பார்க்கட்டும். மாம்பழக்கூழ் ஃபாக்டரியில் நாள் முழுக்க நின்று பழம் பிரிப்பதால்தான் என்கிறார் வெங்கட். கட்டிய கணவர், கண்டுபிடிக்காமல் இருப்பாரா?

ஜூன் 21

பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வரை ஒற்றைச் செருப்போடு நடந்து வந்திருக்கிறேன். வலது செருப்பு எங்கே கழன்றது — தெரியவில்லை. வெங்கட் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு பாதத்தைக் கிள்ளிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரியைக் கிள்ளியதுபோல் இருந்தது.

ஜூன் 23

செங்கம்மா முதுகைக் காட்டினாள். கால் எழவில்லை.

"இன்னாக்கா, ராசி போச்சா?"

ஜூலை 2, திருப்பதி

சித்தூரில் எடுத்த இடுப்பு ஸ்கேனில் ஒன்றுமில்லை. இங்கே நரம்பு டாக்டர் செருப்புக் கதைக்குச் சிரிக்கவில்லை. நடு முதுகையும் எடுக்கச் சொன்னார். தண்டுவடத்தை அழுத்திக்கொண்டு ஒரு கட்டி. புற்றுநோய் மாதிரி தெரியவில்லையாம். ஆனால் விட்டால் கால் போய்விடும், எடுக்கும்போதும் போகலாம். "பயபடகண்டம்மா", பயப்படாதே என்றார் தெலுங்கில். நான் தமிழில் பயந்தேன்.

ஜூலை 8

நாளை ஆபரேஷன்.

"உன் காலு சரியாச்சின்னா நீ நடந்தே மலையேறி வருவேன்னு வேண்டிக்கினேன்" என்கிறார் வெங்கட். வேண்டுதல் அவருடையது, படிகள் என்னுடையது. திட்டினேன். அப்புறம் அழுதேன். ஏறுறேன் சாமி, எத்தனை படின்னாலும் ஏறுறேன். காலை மட்டும் விட்டுடு.

ஜூலை 10

கட்டி வெளியே வந்துவிட்டது. கால் வரவில்லை.

ஜூலை 14

பெருவிரல் அசைந்தது! பிசியோதெரபி பெண் கீர்த்தி கை தட்டினாள். நாற்பத்தாறு வயதில் கட்டைவிரலுக்குக் கைதட்டல்.

செப்டம்பர் 1

வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை வந்தேன். செங்கம்மா ஓடிவந்து முதுகைத் திருப்பினாள்.

"மெல்ல ஒண்ணு வைக்கா. பொழச்சி வந்த காலு."

தூக்கினேன். ஒரு சாண் எழுந்தது. சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. உதைக்கப் போனவள், எதற்கோ கேட்டேன்:

"எத்தினி நாளா வலி?"

"ஆறு மாசமாக்கா. படுத்தா ஜாஸ்தியாவுது."

"காலு மரத்துப் போவுதா?"

"லேசா. அதுக்கின்னா?"

அந்த முதுகை நான் எத்தனை முறை உதைத்திருக்கிறேன்?

காலைக் கீழே இறக்கினேன். நாளைக் காலை திருப்பதி பஸ்ஸுக்கு நாங்கள் இருவரும் போகிறோம்.