மூன்று பேர் கலந்த பால்

அன்புள்ள மகளுக்கு, அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூன்று பேரும் சௌக்கியம், நாலாவது ஆள் எங்களைவிட சௌக்கியம். உன் சௌக்கியத்தை விசாரிக்கலாம் என்றுதான் இருந்தேன், ஆனால் போன வாரம் போனில் நீ அழுத அழுகையிலேயே உன் தொண்டையும் நெஞ்சும் நல்ல பலத்தோடு இருப்பது எனக்கும் பக்கத்து வீட்டுக்கும் தெரிந்துவிட்டது. நான் பக்கத்தில் இல்லாததால்தான் குழந்தை பாலும் குடிக்காமல் சாப்பிடவும் செய்யாமல் அடம்பிடிக்கிறாள், மாசக் கடைசியோடு வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்றாய். எத்தனை பேரைத் தாண்டி வாங்கின வேலை, அதை ஒரு பால் பாட்டிலுக்காக விடப் பார்க்கிறாய். கொஞ்சம் பொறு அம்மாடி, இதை முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் முடிவு பண்ணு. குழந்தை சாப்பிடாததற்குக் காரணம் நீ இங்கே இல்லாதது இல்லை, நாங்கள் மூன்று பேர் இங்கே இருந்ததுதான்.

மேனேஜருக்கு ஒரு வயது முடிந்துவிட்டது, இனி பவுடர் பால் வேண்டாம், சாதாரணப் பாலுக்கு மாற்றுங்கள், நீங்கள் சாப்பிடுவதையே காரம் இல்லாமல் மசித்துக் கொடுங்கள் என்று டாக்டரம்மா சொன்னது உனக்கும் தெரியும். (உன் மகளுக்கு மேனேஜர் என்று பெயர் வைத்தது நான்தான். காலையில் எழுந்ததும் வீடு முழுக்க ஒரு சுற்றுப் போய், யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று முறைத்துப் பார்த்துவிட்டு, தான் ஒரு வேலையும் செய்யாமல் உட்கார்ந்துவிடுகிறாள்.) இதில் என்ன பெரிய விஷயம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று முதலில் மார்தட்டியவன் நான். பெயிண்ட் கடைக்காரனிடம் வந்து வெள்ளையோடு வெள்ளையைக் கலக்கச் சொன்னால் விடுவானா. முதல் சில நாள் மூன்று பங்கு பவுடர் பால், ஒரு பங்கு சாதாரணப் பால், அப்புறம் பாதிக்குப் பாதி, அப்படியே குழந்தைக்குத் தெரியாமல் ஷேடு மாற்றிக்கொண்டே போவது என்று திட்டம் போட்டு, கடையிலிருந்து ஒட்டுக்காகிதம் கொண்டுவந்து பாட்டிலில் கோடெல்லாம் ஒட்டினேன். கலக்குவதற்குப் புதுக் குச்சி எடுத்து வந்தபோதுதான் உன் அம்மா அதைப் பிடுங்கி வெளியே எறிந்தாள்.

காலைப் பாட்டில் என் பொறுப்பு, மத்தியானம் உன் அம்மா, சாயங்காலம் மாப்பிள்ளை. மூன்று பேரும் என் கோட்டைப் பார்த்துத்தான் கலக்குகிறோம் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். உன் அம்மா தையல்காரி என்பதை மறந்துவிட்டேன். யார் சட்டை தைக்கக் கொடுத்தாலும் வளருகிற உடம்பு, இருக்கட்டும் என்று உள்ளே துணியை மடித்து விட்டுத் தைப்பவள், ஒரு குழந்தையின் வயிற்றில் மட்டும் அளவாக நிறுத்துவாளா. கோட்டைப் பார்த்தாளாம், குழந்தையைப் பார்த்தாளாம், ஐயோ பாவம் என்று மத்தியானப் பாட்டில் முழுக்கப் பவுடர் பாலையே நிரப்பி, எனக்குத் தெரியாமல் கொடுத்திருக்கிறாள். குழந்தைக்குக் கண் குழிகிறதா, கன்னம் ஒட்டுகிறதா என்று பார்த்துப் பார்த்து நடுவில் இன்னொரு பாட்டில் வேறு. மாப்பிள்ளை விஷயம் தனி. அவர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் ஒன்று மேல் மாடியில் நிற்க வேண்டும், இல்லை கீழே நிற்க வேண்டும், நடுவில் நின்றால் அவரைக் கூப்பிடுவார்கள். பாதிக்குப் பாதி என்பதே அவருக்குக் கோளாறு. ஒரே நாளில் மாற்றினால் ஒன்றும் ஆகாது என்று போனில் எங்கேயோ படித்துவிட்டு, சாயங்காலம் வெறும் பாலைக் கப்பில் ஊற்றி நீட்டியிருக்கிறார். மாமனார் மனசு நோகக் கூடாதே என்று என்னிடம் சொல்லவில்லையாம். அவ்வளவு மரியாதை.

ஆக உன் மகள் காலையில் ஒரு ருசி, மத்தியானம் ஒரு ருசி, சாயங்காலம் ஒரு ருசி என்று குடித்து, இந்த வீட்டில் எதையும் நம்பக் கூடாது என்ற முடிவுக்கு வந்து, பாட்டிலைப் பார்த்தாலும் துப்பினாள், கரண்டியைப் பார்த்தாலும் துப்பினாள். சாப்பாட்டு நேரத்தில் பசியும் இல்லை, உன் அம்மா கொடுத்த பாட்டில் வயிற்றில் குலுங்கிக்கொண்டிருந்ததே. அது தெரியாமல் நான் பால் பாக்கெட்டை மாற்றினேன், பால்காரரிடம் மாட்டைப் பற்றி மறைமுகமாக விசாரித்தேன், அவர் அதற்கப்புறம் நம் வீட்டு வாசலில் சிரிப்பதில்லை. தெருமுனை மருந்துக்கடைக்காரர் மட்டும் தினமும் அக்கறையாக, பாப்பா இன்னும் பவுடர் பால்தானே என்று கேட்பார், ஆமாம் என்றால் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

நீ அழுத மறுநாளே மூன்று பேரும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனோம். எடை பார்த்தார், நன்றாகத்தான் இருக்கிறாள் என்றார். பால் எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார், மூன்று பேரும் ஒரே நேரத்தில் மூன்று பதில் சொன்னோம். அப்புறம் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்தோம் பார், அந்தப் பார்வையை உனக்கு எழுத்தில் காட்ட என்னால் முடியாது. டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, குழந்தைக்கு ஒன்றுமில்லை, உங்கள் மூன்று பேருக்கும் மருந்து எழுத நான் படிக்கவில்லை என்றார். பவுடர் டப்பாவையும் பாட்டிலையும் எடுத்து வைத்துவிடுங்கள், சாப்பாட்டோடு கப்பில் பால் கொடுங்கள், ஒரு நாளைக்கு ரெண்டு கப்புக்கு மேல் வேண்டாம், பால் கூடினால் சாப்பாடு இறங்காது, குழந்தையையும் உங்களோடு மேஜையில் உட்கார வைத்து நீங்கள் பாட்டுக்குச் சாப்பிடுங்கள், அவள் வாயையே பார்க்காதீர்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அவர் சொன்னபடி மேஜையில் உட்கார்ந்தோம், ஆனால் யார் சாப்பிட்டது. உங்களால்தான் என்று உன் அம்மா என்னையும், உன்னால்தான் என்று நான் அவளையும் பிடித்துக்கொண்டோம், மாப்பிள்ளை நடுவில் மாட்டிக்கொண்டு, அத்தை, அத்தை, கொஞ்சம் உட்காருங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். கோடு ஒட்ட இதென்ன சுவரா என்று அவள் கேட்க, இது என்ன ரவிக்கையா உள்ளே மடித்து விட என்று நான் கேட்க, திடீரென்று மாப்பிள்ளை பேச்சை நிறுத்திவிட்டார். பார்த்தால் அவர் தட்டில் இருந்த அவித்த உருளைக்கிழங்கைக் காணோம். மேனேஜரின் ரெண்டு கையிலும் இருந்தது, கன்னத்தில் இருந்தது, முக்கியமாக வாயில் இருந்தது. எங்கள் சண்டையை வேடிக்கை பார்த்துக்கொண்டே மென்றுகொண்டிருந்தாள். அடுத்து முட்டையை இழுத்தாள். உன் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது, ஆனால் யாரும் பார்க்காதீர்கள், பார்த்தால் நிறுத்திவிடுவாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். மூன்று பேரும் மேலே கூரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். பெயிண்ட் கடைக்காரன் வீட்டுக் கூரை எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கடைசியில் அவளே கப்பைத் தூக்கிப் பாதியைக் குடித்தாள், மீதியைச் சட்டைக்குக் கொடுத்தாள்.

அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று அளக்க மாட்டேன். தூங்கப் போகும் முன் சில நாள் பாட்டிலைத் தேடினாள், உன் அம்மா தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். கேரட்டைக் கண்டால் இன்னமும் தரைக்குத்தான் அனுப்புகிறாள். ஆனால் சாப்பாட்டு நேரம் வந்தால் தானாக மேஜைக்கு வந்து தட்டுகிறாள். பாட்டிலைக் கடைக்குக் கொண்டுபோய்விட்டேன், சின்ன பிரஷ்களைப் போட்டு வைக்கத் தோதாக இருக்கிறது. மிச்சம் இருந்த பவுடரை வீணாக்க மனசில்லாமல் நான்தான் காபியில் போட்டுக் குடிக்கிறேன், நல்ல வளர்ச்சி, பெல்ட்டில் தெரிகிறது.

இன்னொன்று சொல்ல வேண்டும், அதற்காகத்தான் இவ்வளவும். நேற்று சாயங்காலம் நீ வீடியோ போனில் வந்தபோது உன் பக்கம் திரை மங்கலாக இருந்தது, நீ கூட ஏதோ கோளாறு என்றாயே. கோளாறு இல்லை. உன் முகத்தைப் பார்த்ததும் உன் மகள் தட்டிலிருந்து வாழைப்பழத்தை எடுத்து, போன் திரையில் தெரிந்த உன் வாயில் வைத்து அழுத்தினாள், நீ வாயைத் திறக்கவில்லை, மறுபடி அழுத்தினாள், பழம் கேமரா வரைக்கும் அப்பிக்கொண்டது. இந்த வீட்டில் அவள் இதுவரை வேறு யாருக்கும் ஒரு பருக்கை கொடுத்ததில்லை, எனக்குக்கூட. நீ பட்டினி கிடப்பதாக அவள் நினைக்கிறாள் போல. அதனால் வேலையை விடாதே. லீவு கிடைக்கும்போது வா, வந்து மேஜையில் உட்கார்ந்து வாயைத் திற, மற்றதை மேனேஜர் பார்த்துக்கொள்வாள்.

உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, நீயும் பாலைக் கப்பில் குடி. நீ தொட்டதெல்லாம் நல்லபடியாக நடக்க எங்கள் ரெண்டு பேருடைய ஆசியும் உண்டு. மாப்பிள்ளை தனியாக எழுதுவதாகச் சொன்னார், இப்போது போன் திரையைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
கலக்குவதை நிறுத்திவிட்ட
உன் அப்பா