கம்பெனி பஸ்ஸில் ஒரு இடம்

புரட்டாசி 9, வியாழன்

மல்லாட்டை முற்றிவிட்டது. இன்னும் நாலு நாள் விட்டால் கடலை மண்ணிலேயே முளைத்துவிடும். பிடுங்க ஊரில் ஆள் இல்லை. காலையில் நானும் என் மனைவி சுமதியும் ரோட்டுக்குப் போய், திண்டிவனம் ஷூ கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்த அஞ்சலையைக் கேட்டோம். பத்து வருஷம் எங்கள் நிலத்தில் வேலை செய்தவள்.

"ஞாயித்துக்கிழமை ஒண்ணுதாங்க லீவு. அன்னிக்காவது வூட்ல இருக்கணும்ல," என்றாள். முன்பெல்லாம் என்னைக் கண்டால் எழுந்து நிற்பாள். இன்று உட்கார்ந்தபடியே பேசினாள். எனக்குக் கோபம் வராதது எனக்கே ஆச்சரியம்.

"அங்க என்னதான் வேலை?" என்றேன்.

"ஷூவோட மேல் பக்கத்த தைக்கிறேங்க. முடிஞ்சதும் எந்த நாட்டுக்கோ போவுது."

எங்கோ ஒருவர் ஷூ வாங்குகிறார், இங்கே என் நிலத்தில் ஆள் குறைகிறது. இதை யோசித்துக்கொண்டிருக்கும்போதே சுமதி கேட்டாள்: "என்னையும் சேத்துக்குவாங்களா அஞ்சலை?"

அஞ்சலை என்னைத்தான் முதலில் பார்த்தாள். பிறகு சுமதியிடம், "நாளைக்கு ஆதார் எடுத்துக்கினு வாங்க, கேட்டுப் பாக்கலாம்," என்றாள்.

பகல் முழுக்க நாங்கள் இருவர் மட்டும் பிடுங்கினோம். "விளையாட்டுக்குத்தானே கேட்ட?" என்றேன்.

"இருபது வருஷமா இந்த நெலத்துல நிக்கிறேன். எனக்கு ஒரு ஞாயித்துக்கிழமை உண்டா?"

ராத்திரி படுக்கப்போனவளிடம் போகாதே என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "சாயங்காலம் பஸ் எத்தனை மணிக்குத் திரும்பும்?" என்றுதான் வந்தது.

"போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்," என்று சிரித்தாள்.