ஒரு கத்தரிக்காய்

புதன்கிழமை, இரவு.

வெள்ளவத்தை மார்க்கெட்டில் இன்று ஒரேயொரு கத்தரிக்காயை எடுத்து நீட்டினேன். "என்ன ஐயா, படம் கீறவோ?" என்றாள் மரக்கறிக்காரி. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

மனைவி இறந்தபின் பழகிய சமையல். சொதி அடுப்பில் கொதிக்கும்போதே புளிப்புக்குத் தேசிக்காயைப் பிழிந்துவிட்டேன், தேங்காய்ப்பால் திரைந்துபோனது. ஓகஸ்டில் வருவதாக இருந்த மகள் கனடாவிலிருந்து வீடியோவில் வந்தாள். சொதியை மறைத்துக் கத்தரிக்காய்க் கறியை மட்டும் காட்டி, ராசா மாதிரிச் சாப்பிடுகிறேன் என்று பீற்றினேன்.

"அப்ப நல்லாச் சமாளிக்கிறீங்கள் அப்பா. நான் இந்த முறை வரேல்லை, அடுத்த வருசம் பாப்பம்."

"ஓம் பிள்ளை, ஏன் வீண் அலைச்சல்" என்றேன்.

இரண்டு வாய்க்கு மேல் சோறு இறங்கவில்லை. தனியே சாப்பிட ஏலாமல் இருக்கிறது, ஒருக்கால் வந்துவிட்டுப் போ பிள்ளை என்று மட்டும் சொல்லவில்லை.